ஆரின் குறை சொல்ல வேண்டிய ரயில் பாதை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை காப்பிக் கடையில் ஒட்டுக்கேட்டது. நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ச் சோளத்தைப் பெரிய ரயில்வேயிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் குட்டி ரயில் நிறுவனம் ஒன்று உண்டு. அதை நடத்தும் வெர்லா டீடி தன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓட்டுவது அவன்தான்.

"டேய் ஆரின், நாளைக்கு நம்ம பாதையைப் பார்க்க வர்ற அந்த அதிகாரியம்மா கேட்டா வாயைத் தொறந்து சொல்லு. தண்டவாளத்துக்கு அடியில கட்டையெல்லாம் மக்கிப்போச்சு, உருட்டிக்கிட்டுப் போனாலே பயமா இருக்குன்னு சொல்லு."

"என்னைப் புலம்பச் சொல்றியாக்கா?"

"புலம்பலைன்னா பாதையைச் சரிபண்ண அரசாங்கப் பணம் வராது. வரலைன்னா அறுவடையோட லைனை மூடிடுவேன். அப்புறம் நீ லாரிதான் ஓட்டணும்."

2

தொடக்கத்தை இப்படியும் எழுதிப் பார்த்தேன்: 'மாலைச் சூரியன் தண்டவாளத்தில்—'

வேண்டாம். அந்தத் தண்டவாளம் களைக்குள் கிடக்கிறது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த ஊரில் குறை சொல்வது அசிங்கம். ஆலங்கட்டி மழை வயலையே அழித்தாலும் "இதைவிட மோசமாப் பார்த்திருக்கோம்" என்பார்கள். எனக்கும் தொற்றிவிட்டது. பல்வலியோடு போய், பல் டாக்டரிடமே "நல்லா இருக்கேன்" என்றிருக்கிறேன்.)

3

மறுநாள் எஞ்சினில் ஆரின், வெர்லா, போக்குவரத்துத் துறையின் மிஸ் டெலூக்கா. அவர் நியூஜெர்சிக்காரர், இந்த ஊர் அடக்கம் தெரியாது; ஓட்டுகிறவர் சொன்னதை அப்படியே நம்புகிறவர்.

எங்கே கட்டை உளுத்திருக்கிறது, எங்கே மண் இறங்கியிருக்கிறது என்று ஆரினுக்கு மனப்பாடம்; அங்கெல்லாம் பூப்போல ஓட்டினான். அதிகாரியின் கையிலிருந்த காப்பி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வெர்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்கென்று பார்த்து இப்படி ஓட்டுகிறானே, பாவி!

"பாதை எப்படிங்க இருக்கு?"

"மோசமில்லீங்க."

வெர்லா அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"பாலம்?"

"நிக்குதுங்க."

4

முடிவுகளைத் தேடினேன். வண்டி தடம் புரள்கிறது, பணம் வருகிறது. [அடித்துவிட்டேன். யாரையும் கவிழ்த்துப் பணம் வாங்க எனக்கு மனசில்லை.]

அடுத்த முடிவு: வெர்லாவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். சொன்னாள்தான். நிறுவனம் நடத்துகிறவள் வேறெப்படிப் பேசுவாள் என்று டெலூக்கா தலையாட்டிவிட்டு ஆரினைத்தான் பார்த்தார். ஓட்டுகிறவர் சொன்னால்தான் எழுதுவாராம்.

கடைசியாக ஆரினையே பேசவைத்தேன்: "அம்மா, இந்தப் பாதையில ஒவ்வொரு தடவையும் நான்..."

நான் என்ன? அவனுக்கு வராத பேச்சு எனக்கும் வரவில்லை. எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன்.

5

வண்டி ஊருக்குள் நுழைந்துவிட்டது.

"ஆக, பெரிசாக் குறை ஒண்ணுமில்ல?" என்கிறார் டெலூக்கா.

ஆரின் அக்காவைத் திரும்பிப் பார்க்கிறான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயைத் திறக்கிறான். அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.

வாசகரே, குறை சொல்ல நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பஸ், தண்ணீர், சம்பந்தி வீட்டுச் சாப்பாடு என்று எதை விட்டிருக்கிறோம்? அவனுக்காக அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். நாசூக்கெல்லாம் வேண்டாம்.

சீக்கிரம். டெலூக்கா பேனாவை மூடுகிறார்.