ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவன்

கடம்பூருக்கு மேற்கே கரிசல்காட்டுக்குள் இருந்த அந்த ஊரிலிருந்து அதுவரை பட்டாளத்துக்குப் போனவர்கள் மூன்று பேர். மூவரும் சிப்பாயாகப் போய், சிப்பாயாகவே திரும்பி, ஆளுக்கொரு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார்கள். ஆகவே, தன் தம்பி ஜேசுதாசன் எடுத்த எடுப்பில் ஆபீசராகப் போகப்போகிறான் என்று மேரிராணி சொன்னபோது ஊர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. ஆபீசர் என்பவர் வேறெங்கோ இன்னொரு ஆபீசருக்குப் பிறக்கிறவர் என்பது ஊரின் அபிப்பிராயம்.

மேரிராணி கோவில்பட்டியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுப்பவள். அங்கே வரும் வேலைவாய்ப்புப் பத்திரிகையை மாணவர்கள் கை வைப்பதற்குள் வரி விடாமல் படித்துவிடுவாள். 1979 தை மாதம் வந்த ஒரு விளம்பரத்தை மட்டும் மூன்று தடவை படித்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பையன்கள் பரீட்சை எழுதலாம். தேறினால் பூனாவுக்குப் பக்கத்தில் மூன்று வருடப் படிப்பு. சாப்பாடு, உடுப்பு, பூட்ஸ் எல்லாம் சர்க்கார் செலவு. வீட்டில் வருமானம் குறைச்சல் என்றால் கைச்செலவுக்கும் உதவித்தொகை உண்டு. அப்புறம் தோளில் நட்சத்திரம்.

உதவித்தொகைக்கு வருமானச் சான்று கேட்டிருந்தார்கள். அப்பா இறந்து ஐந்து வருடமாகிறது. அம்மா மிக்கேலம்மாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். கிராம முன்சீப் அவள் சொன்னதை எழுதிவிட்டு, எங்கேயோ ஒரு சைபர் விட்டுப்போய்விட்டது போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு முத்திரை குத்திக் கொடுத்தார். மிக்கேலம்மாள் அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். வறுமை ஒரு தகுதியாக மதிக்கப்பட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

ஜேசுதாசன் விடியற்காலையில் கடம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் ஓடித் திரும்பினான். அப்பா இறந்தபோது படிப்பை விட்டு இரண்டு வருடம் தீப்பெட்டி ஆபீசில் கிடந்தவன், அந்த இரண்டு வருடத்தையும் பிடித்துவிடுகிறவன் மாதிரி ஓடினான். இங்கிலீஷ் பேசிப் பழக ஆள் கிடைக்காமல் மேய்கிற ஆடுகளிடம் பேசினான். அவை குறுக்குக் கேள்வி கேட்காததால் தைரியம் நன்றாக வளர்ந்தது.

டில்லியிலிருந்து விண்ணப்பம் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேரிராணி கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதை நிரப்ப உட்கார்ந்தாள். பிறந்த தேதி என்ற இடத்தில் அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1962 கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் முன்னால் பிறந்தவன். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள தேதிதான் செல்லும். ஜாதகம், கோயில் சான்று, சத்தியப் பத்திரம் எதுவும் செல்லாது. பிற்பாடு திருத்தி வாங்கினாலும் செல்லாது.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1-6-1961 என்றிருந்தது. 1961 ஜூலை இரண்டாம் தேதிக்கு முன்னால் பிறந்தவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விளம்பரம் சொன்னது. முப்பத்தோரு நாள் கூடுதல்.

“எனக்குப் பதினாறு வயசுதானக்கா ஆகுது,” என்றான் ஜேசுதாசன், அவள்தான் நம்ப மறுக்கிறாள் என்பது போல.

மறுநாள் இருவரும் கழுகுமலைக்குப் பஸ் ஏறினார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்தில் பெயர் பதிந்த பரமசிவன் வாத்தியார் ஓய்வு பெற்று அங்கேதான் இருந்தார். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் டில்லி இரங்கும் என்று ஜேசுதாசன் கணக்குப் போட்டிருந்தான். வாத்தியார் மோர் கொடுத்து உபசரித்தார். எல்லாருக்கும் ஜூன் ஒன்றுதான் போட்டதாகவும், வயதுக் கணக்குப் பார்க்க அதுதான் லேசு என்றும் கூச்சமில்லாமல் சொன்னார். அந்த வகையில் ஊரில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஊர் மருத்துவச்சிக்கு மட்டும் அது தெரியாது.

“நாளுதான் என் இஷ்டத்துக்குப் போட்டது. வருசம் அப்படியில்ல,” என்றார். “கையத் தலைக்கு மேல வளைச்சு அந்தப் பக்கத்துக் காதத் தொடணும். தொட்டாத்தான் அஞ்சு வயசு. தொடாத பிள்ளைய நான் சேத்ததே கிடையாது. இவன் தொட்டிருக்கான். அன்னைக்கு இவனக் கூட்டிட்டு வந்தது யாரு?”

“தெரியல சார்,” என்றாள் மேரிராணி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜேசுதாசன் வாத்தியாரை வைதுகொண்டே வந்தான். மூன்றரை வயதுப் பிள்ளைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் வாத்தியாரா என்றான். செத்தாலும் அந்த ஆளுக்கு மோட்சம் கிடையாது என்றான். மேரிராணி சன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கடம்பூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்.

“அவியள வையாதலே. நாந்தான் ஒன்னக் கூட்டிட்டுப் போனேன்.”

அது மழை பொய்த்த வருடம். அம்மா கருக்கலிலேயே வேலைக்குப் போய்விடுவாள். ஒன்பது வயது மேரிராணியின் இடுப்பில் தம்பி. பள்ளிக்கூடத்தில் பெயர் இல்லாத பிள்ளைக்கு மத்தியானச் சோறு கிடையாது. அவள் தட்டிலிருந்து அவனுக்கு ஊட்டினால் ஆயா விரட்டுவாள். அதனால் பள்ளிக்கூடம் திறந்த அன்று அவனையும் வரிசையில் நிறுத்தினாள். அவன் கை உச்சந்தலையைத் தாண்டவில்லை. வாத்தியார் மைக்கூட்டுப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவள் அவன் தலையைச் சாய்த்து அமுக்கி, காதை இழுத்து விரலில் கொடுத்தாள். வாத்தியார் நிமிர்ந்து பார்க்கையில் பிள்ளை காதைத் தொட்டுக்கொண்டு நின்றது.

எதிரே ஒருவன் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு போனான்.

“அன்னைக்கு என்ன போட்டாவ?” என்றான் ஜேசுதாசன்.

“மக்காச்சோள உப்புமா.”

“எனக்குத் தனித் தட்டா?”

“தனித் தட்டுதான். ரெண்டாந் தடவையும் கேட்டு வாங்கித் தின்ன.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கடம்பூர் பஸ் வந்து நின்றது. அவள் எழுந்தாள்; அவன் எழவில்லை.

“நீ போக்கா. நான் அடுத்த பஸ்ஸுல வாரேன்.”

அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்பது இருவருக்கும் தெரியும். மேரிராணி ஏறி, அவன் இருந்த பக்கமில்லாத சன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.