மிச்சமிருந்த ஒரு சீசன்

வியாழக்கிழமை பகல் தபாலில் வந்த அமெரிக்கக் கடிதத்தை மார்க்கிரட் வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

‘உன் கடிதம் கிடைத்தது. உன் முடிவை மதிக்கிறேன். ஆனால் மே மாதம் நீ என்னிடம் சொன்னது வேறு. உன் இடத்துக்கு இன்னொரு பெண்ணைச் சேர்க்கும் பட்டியல் ஜூலை பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை மதியம், அலுவலகத்துக்குப் போகிறது. ஏதும் தவறு நடந்திருந்தால் அதற்குள் சொல்’ என்று பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஓட்டப் பயிற்சியாளரான மிஸ் ஹார்லன் எழுதி, கீழே தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் குறித்திருந்தார்.

மார்க்கிரட் எந்தக் கடிதமும் எழுதவில்லை.

“அப்பா, யுனிவர்சிட்டிக்கு என் பேரிலே யாராவது லெட்டர் போட்டாங்களா?”

அந்தோனிப்பிள்ளை செய்தித்தாளை மடித்து வைத்தார். “யாராவது என்ன? நான்தான் போட்டேன். நீதானே சைன் பண்ணினே.”

கோப்பிலிருந்து கார்பன் நகலையும் எடுத்துக் காட்டினார். படிப்பு முடிந்துவிட்டபடியால் உதவித்தொகையை நன்றியுடன் திருப்பி ஒப்படைப்பதாகவும், இனி எந்த உரிமையும் கோரப்போவதில்லை என்றும், எல்லாக் கடப்பாடுகளிலிருந்தும் தன்னை விடுவிக்கும்படியும் அதில் இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து.

எப்படி நடந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. ஜூன் முதல் வாரம், விமான அலுப்புத் தீராத ஒரு காலையில், அப்பா சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். வேலை விண்ணப்பம், முகவரி மாற்றம், சேமிப்பு வங்கிப் படிவம். கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். குறி இருக்கும் இடத்தில் போட வேண்டும். படிக்கத் தேவையில்லை, அப்பா படித்திருப்பார்.

“ஏன்ப்பா இப்படிச் செஞ்சீங்க?”

“ஏனா? ஸ்காலர்ஷிப் எடுத்தா பாண்ட் இருக்கும், படிப்பு முடிஞ்சு அவங்ககிட்டயே வேலை செய்யணும். உன் மாமா மகனைப் பத்து வருஷம் கட்டி வெச்சாங்களே, மறந்திட்டியா? ரிலீஸ் வாங்காட்டி, நாளைக்கு அமெரிக்காக்காரன் பிரிக்பீல்ட்ஸுக்கு, நம்ம வீட்டு வாசலுக்கே வந்து நிப்பான்.”

“அவங்க பாண்டே போடலைப்பா!”

“பாண்ட் போடாம யாராவது நாலு வருஷம் படிக்க வைப்பானா லா?”

முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் குமாஸ்தாவாகவும் தலைமைக் குமாஸ்தாவாகவும் இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற நாளன்று ஸ்டேப்ளரைக்கூட ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார். அவருக்குத் தெரிந்த உலகில், முடிந்த ஒன்றை முறைப்படி முடித்து வைப்பதே நாணயம்.

மார்க்கிரட்டின் மீதும் பிழை இருந்தது. நானூறு மீட்டர் தடை ஓட்டத்துக்காகக் கிடைத்த உதவித்தொகை அது. கட்டணம், அறை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதிலேயே அடக்கம். பட்டம் வாங்கிய பிறகும் அதில் ஒரு வருடம் பாக்கி இருந்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. மேற்படிப்புக்கு இடம் உறுதியாகட்டும் என்று காத்திருந்தாள்; ஊர் திரும்பிய பின் அதுவும் உறுதியானது. மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவிடம், இன்னும் முடியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை.

இப்போது சொன்னாள்.

“பட்டம் தந்தாச்சு. பிறகு என்ன ஓட்டம் மிச்சம்?” என்றார் அவர்.

“பட்டம் வேற, ஓட்டம் வேறப்பா. ஒருத்தர் நாலு சீசன் ஓடலாம். அந்த நாலையும் அஞ்சு வருஷத்துக்குள்ள முடிக்கணும். ரெண்டாம் வருஷம் எனக்குக் கணுக்கால் முறிஞ்சிச்சே, அந்த சீசன் நான் ஓடவே இல்லை. மூணுதான் ஓடியிருக்கேன். அதே யுனிவர்சிட்டியிலே மாஸ்டர்ஸ் சேர்ந்தா அஞ்சாம் வருஷமும் ஓடலாம். அந்த வருஷப் படிப்பு அவங்க செலவு.”

அவர் நம்பாமல் பார்த்தார். மார்க்கிரட் யோசித்துப் பார்த்தாள்.

“உங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தப்போ ஆறு வாரம் மெடிக்கல் லீவ் எடுத்தீங்க. அதை ஆனுவல் லீவிலே கழிச்சாங்களா?”

“எப்படிக் கழிப்பான்? அது வேற கணக்கு.”

“ரிட்டையர் ஆகும்போது மிச்சமிருந்த லீவை என்ன செஞ்சீங்க?”

“ஒரு நாள் விடாம எடுத்தேன். என் லீவை நான் ஏன்…” என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ உன் லீவை நான் சரண்டர் பண்ணிட்டேனா?”

“ஆமாம்ப்பா.”

அதன் பிறகு அவரை வீட்டில் உட்கார வைக்க முடியவில்லை. அங்கே விடிவதற்கு இங்கே மாலை ஏழரை ஆக வேண்டும் என்று அவள் சொல்லியும், ஆறு மணியிலிருந்தே பக்கத்து வீட்டு நல்லம்மாளின் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நல்லம்மாள் துணி தைப்பவள். அந்த வரிசையில் தொலைபேசி இருந்தது அவள் வீட்டில் மட்டும்தான். எண் சுழற்றும் வட்டில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும்.

“அமெரிக்காவுக்கா?” என்றாள், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தபடி. “அங்கிள், ஈப்போவுக்குப் பேசினாலே நீங்க ‘நலமா’ன்னு மட்டும் கேட்டுட்டு போனை வெச்சிடுவீங்க. இன்னிக்கு என்ன?”

“சும்மா திற பிள்ளை.”

மிஸ் ஹார்லன் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி விளக்கினார். விலகுவதாகக் கையெழுத்திட்ட தாள் அலுவலகத்தில் இருக்கிறது, வாய்ச்சொல் அதை அழிக்காது. கையெழுத்துடன் இன்னொரு தாள் நாளை மதியத்துக்குள் வர வேண்டும். ஃபேக்ஸ் போதும். எண்ணையும் கொடுத்தார்.

ஃபேக்ஸ் இருக்கும் இடம் அந்தோனிப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் வேலை பழகிய ஜெயராஜ் இப்போது துறைமுகத்தை ஒட்டிய கிள்ளானில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை கிள்ளான் ரயிலில் அப்பா, தான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கக் கடிதத்தை நீட்டினார். மார்க்கிரட் கையெழுத்து போடவில்லை. முதல் வரியிலிருந்து படித்தாள். ‘முந்தைய கடிதத்தை இரத்துச் செய்யும் வகையில்’ என்பது மட்டும் மூன்று முறை வந்திருந்தது.

“அப்பா, இது ரயில்வே போர்டுக்கு இல்லை.”

அவள் தன் கையாலேயே மூன்று வரி எழுதினாள்: நான் விலகவில்லை, என் கடைசி சீசனை ஓட விரும்புகிறேன், மேற்படிப்பில் சேர்கிறேன். கீழே கையெழுத்தும் போட்டாள். அவர் அதை வாங்கி வரிவரியாகப் படித்தார். ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டியதும் பேனாவைத் திறந்து, கீழே தன் கையெழுத்தில் சேர்த்தார்: ‘முதல் கடிதம் என் மகள் அறியாமல் நான் தயாரித்தது. பிழை என்னுடையது.’ அடியில் பெயர். பெயருக்குக் கீழே, தலைமைக் குமாஸ்தா, ஓய்வு.

அவர் பிழை என்று எழுதி அவள் பார்த்ததில்லை.

ஜெயராஜ் தாளை இயந்திரத்தில் நுழைத்தான். அது கிறீச்சிட்டுக்கொண்டு உள்ளே போய், மறுபக்கம் முழுசாக வெளியே வந்தது. “போகலையே, இங்கேயே இருக்கே!” என்று அந்தோனிப்பிள்ளை பதறினார். “போயிடுச்சு சார். நீங்க டென்ஷன் ஆகாதீங்க லா,” என்றான் ஜெயராஜ்.

பதில் வர அங்கே அலுவலகம் திறந்து மூட வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் மறுபடி கிள்ளானில் இருந்தார்கள். தட்டில் சுருண்டு கிடந்த வழவழப்பான தாளை ஜெயராஜ் எடுத்து, படிக்காமலேயே அவளிடம் நீட்டினான்.

பட்டியலில் அவள் பெயர் நிற்கிறது. ஆகஸ்ட் பதினெட்டு வந்து சேர வேண்டும். ‘உன் அப்பாவின் வரியை அலுவலகத்தில் எல்லோரும் வாங்கிப் படித்தார்கள்’ என்று மிஸ் ஹார்லன் சேர்த்திருந்தார். உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டும்.

“மாஸ்டர்ஸ் ரெண்டு வருஷம் இல்லையா?” என்றார் அப்பா.

“ரெண்டாம் வருஷம் எனக்கு சீசன் இருக்காது. டிபார்ட்மென்ட்டிலே அசிஸ்டன்ட் வேலை கிடைச்சா ஃபீஸ் கழியும்.”

“கிடைக்காட்டி?”

“பாதியிலே வந்து நிப்பேன். அப்போ பார்த்துக்கலாம்.”

அவர் தாளை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார். “சரி. போய்ப் பாரு,” என்றார்.

ஜெயராஜ் அவருக்குக் காப்பி வாங்கித் தர அழைத்துப் போனான். அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. மார்க்கிரட் தெருவைக் கடந்து எதிரே இருந்த புல்திடலுக்குப் போனாள். ஆறு வாரமாக அவள் ஓடவில்லை. காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் இடையே முப்பத்தைந்து மீட்டர். அதைக் கண்ணால் அளந்து, இரண்டு புல்கட்டிகளைப் பிடுங்கி அடையாளம் வைத்துவிட்டு ஓடினாள். நல்ல நாளில் அந்தத் தூரத்துக்கு அவளுக்குப் பதினேழு காலடி போதும்.

பத்தொன்பது ஆனது. மூச்சிரைக்கத் திரும்பி நடந்து, தொடங்கிய இடத்தில் மறுபடி நின்றாள்.