லென்ஸுக்கு ஒரு பீங்கான் வளையம்

அம்புஜவல்லிக்கு வாய் சும்மா இருக்காது. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

செராமிக் எஸ்டேட்டில், மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஊறுகாய் ஜாடியும் செய்கிற பழமலைநாதனின் யூனிட்டில் அவள் பதினோரு வருஷமாகப் பிசிறு சீவுகிறாள். அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைச் சாமானின் ஓரங்களைக் கத்தியால் வழித்து, ஈரத்துணியால் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற வேலை. அச்சு செய்கிற மேஸ்திரி கூடுதல் சம்பளம் என்று குஜராத் பக்கம் மோர்பிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அந்த இடம் தனக்கு வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். முதலாளி இரண்டு தடவையும் சிரித்தார். அச்சு அளவு என்பது பொம்பளைகள் கோலம் போடுகிற மாதிரி இல்லை என்று வேறு சொன்னார். அவரை ஒரு நாள் தப்பில்லாமல் கோலம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

அந்தச் சமயத்தில்தான் ரியாஸ் வந்தான். மங்கலம்பேட்டையில் பீங்கான் கடை வைத்திருக்கிற குடும்பம். அவனுக்கு சார்ஜாவில் வேலை. ஒரு மாத லீவில் வந்தவன், கடைக்கு ஜாடி எடுக்க வந்த இடத்தில் முதலாளியிடம் புலம்பிக்கொண்டிருந்தான். சார்ஜாவில் பழைய சாமான் கடையில் ஒரு லென்ஸ் வாங்கியிருக்கிறான். அறுபது வருஷப் பழசு, முழங்கை நீளம், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுகிற வகை. ஆனால் அவனுடைய பிலிம் கேமராவில் அது மாட்டாது. நடுவில் சரியான கனத்தில் ஒரு வளையம் வேண்டும். உலோகத்தில் அதைக் கடைந்து தரக்கூடிய லேத்துக்காரர்களோ பெண்ணாடம் சர்க்கரை ஆலையின் அரவை சீசன் வேலையில் தலைக்கு மேல் மூழ்கிக் கிடந்தார்கள். அடுத்த மாதம் வா என்றார்கள். அடுத்த மாதம் அவன் சார்ஜாவில் இருப்பான்.

“ஏன் தம்பி, மண்ணுல செஞ்சா ஆவாதா?” என்று அம்புஜவல்லி கேட்டே விட்டாள்.

ரியாஸ் சிரிக்கவில்லை, அது அவன் நல்ல குணம். வளையம் கால் மில்லிமீட்டர் தடித்தாலும் தூரத்தில் இருப்பது தெளியாது, ஒரு பக்கம் நெளிந்தால் படத்தின் அந்தப் பக்கம் மங்கிப்போகும் என்று பொறுமையாகச் சொன்னான். சூளையில் மண் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும், அதற்குத் தக்கபடி எவ்வளவு கூட்டி வைக்க வேண்டும் என்று அவள் நின்ற நிலையில் கணக்குச் சொன்னாள். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

“சரி, செய்யி. சரியா வந்தா மோல்டு ரூமு உன்னுது. வரலைன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மோர்பிலேர்ந்து வேற ஆளு பேசி வச்சிருக்கறேன், ஒண்ணாந் தேதி வராரு” என்றார்.

செல்போன் படத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம், அதை நம்ப மாட்டேன் என்றும் சொன்னார். ரியாஸிடம் ஒரே ஒரு ஸ்லைடு பிலிம் ரோல் இருந்தது. அதில் எடுத்தது எடுத்ததுதான். பிரிண்டு கிடையாது, அந்தத் துண்டு பிலிமே படம், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதையே சாட்சியாக வைப்பதென்று முடிவானது.

அம்புஜவல்லி மூன்று நாள் சோறு தண்ணி மறந்தாள். வளையத்தைக் கடைந்து, நிழலில் காயவைத்து, தினம் மூன்று தடவை திருப்பிப் போட்டாள். சூளையிலிருந்து எடுத்தபோது நெளிவே இல்லை. உடைந்த லென்ஸ் ஒன்றிலிருந்து கேமராவில் மாட்டுகிற பூட்டைக் கழற்றி அதில் திருகி, ரியாஸ் கேமராவை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினான். அவளோடு முதலாளியும் பின்னாலேயே ஏறினார், விடுவாரா?

ரயில்வே சிக்னல் கம்பம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்பால் பெரிய கோயில் கோபுரம் புகை மூட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. லென்ஸை எவ்வளவு திருகியும் அது தெளியவில்லை. ரியாஸ் தலையை ஆட்டினான். முதலாளி கீழே இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை.

அம்புஜவல்லி வெர்னியர் அளவுகோலை எடுத்து வளையத்தை அளந்தாள். கால் மில்லிக்கு மேலேயே கூடுதல். கணக்கு எங்கே பிசகியது? வளையத்தை விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

அட பாவி மனுஷி! சூளைக்குப் போகும் முன் எந்தச் சாமானையும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுப்பது யூனிட்டு வழக்கம், பளபளப்புக்கு. பதினோரு வருஷப் பழக்கத்தில் கை அதுபாட்டுக்கு வளையத்தையும் முக்கிவிட்டது. கேமராவுக்கு எதற்குப் பளபளப்பு? அந்தப் பூச்சு சூளையில் உருகிக் கண்ணாடியாகி, கனத்தைக் கூட்டிவிட்டது. நேராக முதலாளியிடம் போய் அதைச் சொன்னாள்.

“கணக்கு சரிங்க. கைதான் தப்பு பண்ணிடுச்சி. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளில் இருக்கிற மாதிரியான சிலிக்கன் கார்பைடு பொடியும் தண்ணீரும் விட்டு, வளையத்தைக் கவிழ்த்துத் தேய்த்தாள். நாலு சுற்றுக்கு ஒரு தடவை நாலு இடத்தில் அளந்தாள். விரல் நுனி தோலுரிந்தது. மூன்று மணிக்கு நாலு இடமும் ஒரே அளவு காட்டின. மறுபடி மாடி. ரியாஸ் கண்ணை வைத்தவன் எடுக்கவே இல்லை. முப்பத்தாறு படமும் எடுத்துத்தான் இறங்கினான், கடைசிப் படத்துக்கு மட்டும் பட்டனை அவளை அழுத்தச் சொன்னான். ஆனாலும் அந்தப் பழைய லென்ஸில் பார்ப்பதற்கு இருட்டாக இருந்தது, மூலைகள் எப்படி விழுந்திருக்கும் என்று பிலிம் கழுவி வந்தால்தான் தெரியும் என்றான்.

ரோல் கூரியரில் மும்பைக்குப் போனது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அம்புஜவல்லி வீட்டில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், ஒரு நாள் போடவே இல்லை. முதலாளி மோர்பி ஆளிடம் போனில் டிக்கெட் விசாரிப்பது வேறு அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பத்தாம் நாள் ரியாஸ் ஸ்லைடுப் பெட்டியோடு வந்தான். இன்சுலேட்டரில் கீறல் பார்க்கிற வெள்ளைக் கண்ணாடி மேஜை இருக்கிறதே, அடியில் டியூப்லைட் எரியும், அதன்மேல் ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கினான். பிசிறு சீவுகிற பெண்கள் எல்லோரும் கையில் மண்ணோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். முதலாளி கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

குறை தேடித்தான் குனிந்தார், அதில் சந்தேகமே வேண்டாம். முதலில் நடு. கோபுரத்துச் சிலை ஒவ்வொன்றின் விரலும் எண்ணுகிற மாதிரி இருந்தது. பிறகு மேல் மூலை. கலசத்தில் உட்கார்ந்திருந்த புறாவின் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னின. கீழ் மூலை, எதிர் மூலை, அடுத்த ஸ்லைடு, அதற்கடுத்தது. இருபது ஸ்லைடு பார்த்தார்.

“எங்கயாவது மங்கியிருக்குதுங்களா?” என்று அம்புஜவல்லியே கேட்டாள்.

“இல்ல” என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மனுஷருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

நிமிர்ந்து, எல்லோர் எதிரிலும் போனை எடுத்து மோர்பிக்குப் போட்டார். “நீங்க வர வேணாங்க. எங்ககிட்டயே மேஸ்திரி இருக்காங்க” என்று சொல்லி வைத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து மோல்டு ரூம் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அம்புஜவல்லிக்குக் கண்ணீர் முட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது. போய்க் கதவைத் திறந்து உள்ளே நின்று, நீளப் பலகையில் வரிசையாக இருந்த அச்சுகளை ஒருமுறை பார்த்தாள். கூட வந்த பெண்கள் வாசற்படிக்கு வெளியிலேயே தயங்கி நின்றார்கள்.

“ஏண்டி அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க எல்லாரும்” என்றாள். “இனிமே இங்க நம்ம ராஜ்ஜியம்.”