மரியம்மா கொல்லாத மனிதன்

திருக்கோணமலையின் மலைமுகட்டுக் கோயிலைத் தொட்டெழுந்த இளங்கதிர், வெள்ளையரின் போர்க்கலங்கள் நீங்கிச் சென்றபின் வெறிதாய்க் கிடந்த துறைமேடைகளைக் கடந்து, ஆழ்துறையின் கரும்பச்சை நீரைப் பொன்னாக்கி, வடக்கே சாம்பல்தீவின் மணற்கரைமேல் வந்து விழுந்த பங்குனித் திங்களின் காலை அது. வாடைக்காற்று ஓய்ந்து, கடலின் சீற்றம் அடங்கி, கரைவலைக் காலம் தொடங்கியிருந்தது. தென்னங்கிடுகு வேய்ந்த மீனவர் வாடிகளிலிருந்து அடுப்புப் புகை எழ, ஆடவர் தோணியில் வலையை அடுக்க, பெண்டிர் கருவாடு பரப்பிய பாய்களைக் காக்கைகளிடமிருந்து காத்து நின்றனர். படிக்கும் அன்புடையீர், இக்காலையை நன்கு பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகலுக்குள் அது கெட்டுவிடும்.

அப்பெண்டிருள் ஒருத்தி மரியம்மா. தாய் தந்தையரை இளமையிலேயே இழந்து, தம்பி நிக்கலசைத் தானே வளர்த்து ஆளாக்கி, சீலா என்னும் நல்லாளை அவனுக்கு மணமுடித்து வைத்து, தான் தனியே நின்றவள். அவள் தோள்களில் எங்கிருந்து வந்ததென்று எவரும் அறியாத பெருவலிமை ஒன்று குடியிருந்தது. மணலிற் புதைந்த பாரவண்டியை, மாட்டை அவிழ்த்துவிட்டுத் தான் ஒருத்தியாய்த் தூக்கி வைப்பாள். ஆடவர் கூடி உருட்டமாட்டாது கைவிட்ட நங்கூரத்தைப் பிள்ளையைப்போல் இடுப்பில் ஏந்தி நடப்பாள். மனைவியின் கூந்தலைப் பற்றித் தெருவில் இழுத்துவந்த குடியன் ஒருவனின் முன்கையை அவள் ஒருமுறை முறித்ததுண்டு; அக்கை கூடும்வரை அவனுக்குக் கஞ்சி ஊட்டியவளும் அவளே. அவன் அவளைத் திட்டிக்கொண்டே குடித்தான். ஊரும் அப்படித்தான், அவளுக்கு அஞ்சி ஒதுங்கும், இடர் வந்தால் அவள் வீட்டுக்கே ஓடும்.

வலை கடலில் கிடக்கும் வேளையில் அதன் கயிற்றைப் பெண் தீண்டலாகாது, தீண்டினால் கடல் ஆளைக் கொள்ளும் என்பது அக்கரையினரின் நம்பிக்கை. எத்துணை வலிமை படைத்தும் மரியம்மா கயிற்றைத் தொட்டவளல்லள். வலையின் உடைமையாளனான சம்மாட்டி இராஜநாயகம் அவ்வழக்கத்தைக் கண்ணை இமை காப்பதுபோற் காத்துவந்தான். அவன் கொடியவனல்லன், மீன்பாடு குறைந்த நாளிலும் கைம்பெண்களுக்கு மீன் ஒதுக்கிய பின்னரே தன் பங்கை எடுப்பவன். ஆனால் தான் நம்பியதை ஐயுற அறியாதவன். கொடியவர் செய்யும் கேட்டைக்கூட ஒருவாறு தடுத்துவிடலாம். இத்தகையோர் செய்யும் கேட்டை எவர் தடுப்பார்?

அன்று தோணியில் நிக்கலசும், சம்மாட்டியின் ஒரே மகன் குணரத்தினமும், வேறு மூவரும் சென்றனர். கயிற்றின் ஒரு தலையைக் கரையில் நின்றோர் பற்றியிருக்க, வலையை விரித்தபடி அவர்கள் அலைகடந்து வளைந்து செல்கையில், கிழக்கே கருத்தெழுந்த சூறை யாரும் எண்ணாத விரைவில் வந்து தாக்கிற்று. தோணி கவிழ்ந்தது. ஐவரும் வலைக்கயிற்றைப் பற்றித் தொங்க, நீரோட்டம் அவர்களை வெளியே இழுக்க, கரையில் நின்ற ஆடவர் கயிற்றோடு கடலுக்குள் சறுக்கினர். கண்ட மரியம்மா ஓடினாள். வழக்கம் அவள் நினைவில் இல்லை, தம்பி இருந்தான். மார்பளவு நீரில் இறங்கி, ஆடவர் எல்லோருக்கும் முன்னே நின்று, அவள் கயிற்றைப் பற்றினாள். சறுக்கிய கயிறு நின்றது. பின் சாண்சாணாகக் கரைநோக்கி வரலாயிற்று.

"கயித்தை விடு, மரியம்மா!" என்று அலறினான் இராஜநாயகம். "பொம்பிளை தொட்டால் கடல் ஆளைக் கொண்டுபோயிடும்!"

"விடமாட்டன், சம்மாட்டியார். என்ர தம்பியும் உங்கட மகனும் இதிலதான் தொங்குகினம். பின்னால நிண்டு இழுங்கோ!"

அவள் தீண்டிய பகுதியை அறுத்தெறிந்துவிட்டால், எஞ்சிய தூய கயிற்றை ஆடவர் எட்டிப் பற்றி இழுக்கலாம் என்று அவன் எண்ணினான். மகனைக் காக்கவே அப்படி எண்ணினான் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. இடுப்புக்கத்தியை உருவிக்கொண்டு நீந்திச் சென்று, அவள் கைக்கு முன்னே, கடற்பக்கமாய் வெட்டினான்.

"பிடியுங்கோடா!" என்று கத்தினான். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஐவரின் பாரமும் நீரோட்டத்தின் விசையும் ஏறியிருந்த கயிற்றின் அறுந்த தலை, கண்ணிமைக்குமுன் அலைக்குள் ஓடி மறைந்துவிட்டது. மரியம்மா அதன் பின்னே பாய்ந்தாள். இழுக்க வல்ல அத்தோள்களுக்கு அலையை நீந்தி வெல்லும் ஆற்றல் இல்லை. கடல் அவளைக் கரையில் எறிந்தது. தலைகள் ஐந்தும் தொலைவில் சிறிதுநேரம் தெரிந்தன, பின்னர்த் தெரியவில்லை.

எழுந்து வந்தவள், கரையேறி நின்ற இராஜநாயகத்தின் கழுத்தை ஒரு கையாற் பற்றித் தரையினின்றும் உயர்த்தினாள். விரல்கள் இறுகின, அவன் முகம் கருத்தது. ஆயினும் அவன் கைகள் அவளைத் தடுக்க எழவில்லை. அவள் கண்களையே பார்த்தபடி, நீர் வேட்டவன் நீருக்குக் காத்திருப்பதுபோல அவன் சாவுக்குக் காத்திருந்தான். அவளுக்கு இரக்கம் வந்தது. வந்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள். ஆயினும் விரல்கள் நெகிழ்ந்தன.

"கொல்லு, பிள்ளை. என்னைக் கொல்லு" என்று மணலிற் கிடந்து அவன் கெஞ்சினான்.

"ஏலாது, சம்மாட்டியார்."

அதற்குள் ஆளிழந்த பெண்டிர் தடியும் கல்லுமாய் அவனைச் சூழ்ந்தனர். மரியம்மா அவன்மேற் குனிந்து தன் முதுகைக் கூரையாக்கினாள். கற்கள் அவள்மேல் விழுந்தன. சீலாவின் கையிலிருந்த துடுப்பு அவள் தோளிற் பட்டு முறிந்தது.

"விலகுங்கோ, மச்சாள்! உங்கட தம்பியைச் சாகடிச்சவனை நீங்களே காப்பாத்துறியளோ?"

"ஓம் சீலா. இன்னுமொரு சாவை என்னாலை பாக்க ஏலாது. அடிக்கிறதெண்டால் என்னை அடி."

சீலா அடித்தாள். கை ஓயும்வரை அடித்தாள். ஒற்றை விரலால் அவளைத் தள்ளிவிட வல்ல மரியம்மா, ஒரு விரலையும் அசைக்கவில்லை.

கடல் குணரத்தினத்தின் உடலை மட்டும் திருப்பித் தந்தது. கொன்றவனுக்கு அழ ஒரு குழி கிடைத்தது. சீலாவுக்கு அதுவும் இல்லை. நிக்கலசின் பெண்மகவை இடுப்பில் ஏந்தி, குச்சவெளியிலுள்ள தன் உறவினரிடம் அவள் புறப்பட்டாள். கரையோரச் சாலையில் பேருந்து வந்து நின்றபோது, மரியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பிள்ளையை ஒருக்கால் தூக்கட்டோ, சீலா?"

சீலா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள். அத்தையைக் கண்ட குழந்தை பலகணி வழியே இரு கைகளையும் நீட்டி அழுதது. பேருந்து உறுமி நகர்ந்தது. அன்புடையீர், அப்பேருந்தின் பின்சட்டத்தை ஒரு கையாற் பற்றியிருந்தால் அது ஓரடியும் நகர்ந்திராது. அதை அவளும் அறிவாள், சாலையில் நின்றோரும் அறிவர். பிறரை அழிக்காத வலிமையை உலகம் புகழும். அவ்வலிமையை உடையவர்க்கு அது என்ன விட்டுவைக்கும் என்று உலகம் கேட்பதில்லை. மரியம்மா தன் இரு கைகளையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைத்துக்கொண்டு, குழந்தையின் அழுகை கேட்குமட்டும் அங்கேயே நின்றாள்.