அண்ணி பிழை பார்த்த கதை

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் எழுத நினைத்தது இந்தக் கதையை அல்ல. என் பழைய தொகுப்பைப் பிரெய்லில் போடலாமா என்று கேட்கத்தான் அந்த அச்சுக்கூடத்துக்குப் போனேன். "கொஞ்சம் உட்காருங்க" என்றார் மேனேஜர். உட்கார்ந்த இடத்தில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அதை விட்டு எழுந்து போக நான் என்ன துறவியா? மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

[மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூலையில் அந்தக் கிழட்டு இயந்திரம்]

இந்த வரியை அடித்துவிட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.

2

விஷயம் இதுதான். தாளில் புள்ளிகளைக் குத்தும் அச்சு இயந்திரம் ஒன்று குத்துக்கல் மாதிரி நன்றாகவே இருந்தது. ஆனால் புதிதாக வந்த கம்ப்யூட்டர்களில் அதன் வயரைச் செருக இடமில்லை. சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வருகிறார். இயந்திரம் போனால் அச்சு வேலை வெளியே போகும்; ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் படித்துப் பிழை திருத்தும் அண்ணியின் வேலையும் கூடவே போகும்.

அண்ணி எனக்கு அல்ல, வயருக்கு. நெட்வொர்க் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் வயர். அண்ணிக்காக லீவு போட்டு வந்திருந்தாள். கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு டிவைஸ் சர்வர். இந்தப் பக்கம் இயந்திரத்தின் வயர், அந்தப் பக்கம் நெட்வொர்க் வயர்; இருவருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வது பெட்டியின் வேலை.

(நாத்தனார் அண்ணிக்காக லீவு போடுவாளா என்று கேட்பவர்களுக்கு: நானும் சந்தேகப்பட்டேன். போட்டிருந்தாள்.)

"வீண் வேலைம்மா. இரும்புக்காரருக்கு வாக்கு கொடுத்தாச்சு" என்றார் மேனேஜர்.

"சாயங்காலம் வரைக்கும் மெஷின் எங்களுதுதானே சார்?" என்றாள் வயர்.

3

பெட்டிக்கு நெட்வொர்க்கில் ஒரு முகவரி கொடுத்தாள். எந்த வாசலில் தட்டுவது என்று ஒரு போர்ட் எண்ணும் கொடுத்தாள். இயந்திரம் எந்த வேகத்தில் கேட்குமோ அதே வேகத்தைப் பெட்டிக்கும் வைத்தாள்.

"எழுத்தாளரே, ஏதாவது நாலு வரி கொடுங்க. அனுப்பிப் பாக்கலாம்."

என்னிடம் இருந்தது இந்தக் கதையின் ஆரம்பம்தான். கொடுத்தேன். பிரெய்லுக்கு மாற்றி அனுப்பினாள். இயந்திரம் தடதடவென்று எழுந்துகொண்டது. தாள் நிறையப் புள்ளிகள்.

"வந்துடுச்சு அண்ணி!" வயர் குதித்தாள். மேனேஜர் கைதட்டினார். நான் வெற்றிக்காட்சியை எழுதவே தொடங்கிவிட்டேன்.

அண்ணி தாளில் விரலை ஓட்டினார்.

"என்னடி இது, கோழி கிளறின மாதிரி இருக்கு?"

கண் தெரிந்த எங்கள் மூன்று பேருக்கும் புள்ளி என்றால் புள்ளிதான். கைதட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

4

இங்கேயே முடித்துவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. சோக முடிவு எனக்குக் கைவந்த கலை.

[இரும்புக்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பியபோது அண்ணியின்]

வயர் என்னைச் சட்டை செய்யவில்லை. "அண்ணி, மொத்தமும் கோணலா? இல்ல கொஞ்சமா?"

அண்ணி ஆரம்பத்திலிருந்து நிதானமாகப் படித்தார். "பாதி எழுத்து சரியா இருக்குடி. நல்லா வர்ற எழுத்து எங்க வந்தாலும் நல்லா வருது. கெட்டது எங்க வந்தாலும் கெட்டே வருது."

வயர் தலையில் அடித்துக்கொண்டாள். "பாரிட்டி! ஆபீஸ்ல எடை மெஷினுக்கு வச்சு வச்சுப் பழகின கை, இதுக்கும் வச்சுடுச்சு!"

(பாரிட்டி என்பது எழுத்தோடு கட்டி அனுப்பும் சரிபார்ப்புக் குறி. பாதி எழுத்துகளுக்கு அது பூஜ்யம், அதனால் கெடுதல் இல்லை; மீதிக்கு அப்படி இல்லை. அதைக் கேட்டுப் பழகாத இயந்திரம் குறியையும் எழுத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டது. கூட வந்த விருந்தாளியையும் மாப்பிள்ளை என்று நினைத்த கதைதான்.)

5

பாரிட்டியை எடுத்தாள். பெட்டியின் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. தாள் வந்தது.

அண்ணியின் விரல் ஓடியது. நின்றது. திரும்பி வந்து அதே இடத்தை மறுபடி தடவியது.

"ஏன் எழுத்தாளரே, மழை எங்க பெய்யுது? வெளிய வெயில் மண்டையப் பொளக்குது!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு வயர் போட்ட கூச்சலில் மேனேஜரின் கண்ணாடி நழுவியது.

"அதோட கிழட்டு இயந்திரமாம்! உங்களுக்கு என்ன வயசு?" அண்ணி விடவில்லை. நாத்தனார் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்க, விரலைத் தாளிலிருந்து எடுக்காமலேயே சிரித்தார்.

திட்டு வாங்கி நான் இவ்வளவு மகிழ்ந்ததே இல்லை. மேனேஜர் போனில், "வர வேண்டாங்க. இரும்பு இல்லீங்க, மெஷின்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

6

"முடிவு என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"இன்னும் தெரியல."

"அப்ப நகருங்க."

அடுத்த அறையில் இருந்த தன் கம்ப்யூட்டருக்குப் போய்த் தட்டினார். இங்கே ஆளில்லாத இயந்திரம் தானாகத் தடதடத்தது. வயர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தாள்.

தாளை எடுத்தேன். புள்ளிகள்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"படிச்சுப் பாருங்களேன்!" என்று அங்கிருந்து பதில் வந்தது. வயர் ஓடிப்போய்க் காதைக் கொடுத்தாள். இருவரும் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குச் சொல்லவில்லை.

இந்தக் கதையின் பிரெய்ல் பதிப்பு அதே இயந்திரத்தில்தான் அச்சாகிறது. கடைசிப் பக்கமாக அந்தத் தாளையே சேர்க்கச் சொல்லிவிட்டேன். விரலால் படிப்பவர்கள் முடிவைப் படிப்பார்கள். கண்ணால் படிப்பவர்களே, நமக்கு இவ்வளவுதான்.