தட்டில் ஆறிக் கிடந்த சங்கரா

1

ஒரு காலித் தட்டைப் பார்த்து இந்தக் கதை பிறந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் தட்டு காலியாகவே இல்லை. தெயானிராவின் கடற்கரைக் கடையில், முழுதாகப் பொரித்த சங்கரா மீன் ஒன்று யாரும் தொடாமல் ஆறிக் கிடந்தது. நானும் தொடவில்லை. அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறேன்.

2

கரிபியக் கடல் அன்று நீலமாக, (விடுங்கள், சுற்றுலா வருகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.)

மறுபடி. தெயானிராவின் புருஷன் எலியேசர் கடலுக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது. எங்கள் கரையில் ஒருவன் கடலோடு போய்விட்டால், உடல் ஒதுங்கும்வரை யாரும் மீன் தின்பதில்லை. (காரணம் கேட்காதீர்கள். மீன் எதைத் தின்னும் என்று உங்களுக்கே தெரியும்.) ஊரே மீனை விட்டுவிட்டது. அவள் மட்டும் பக்கத்து ஊர்ச் சந்தையில் வாங்கிவந்து, இரு பக்கமும் கீறி, உப்பும் பூண்டும் எலுமிச்சையும் தேய்த்து, தலையோடு வாலோடு எண்ணெயில் இறக்குகிறாள். அடுப்பு எரியும்வரை அவளுக்குப் புருஷன் உண்டு.

3

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் எலியேசரின் தம்பி நிக்கானோர் வந்து உட்கார்ந்தான். அண்ணனைத் தேடி மூன்று நாள் படகில் அலைந்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தான். (முதல் பிரதியில் இவனை அழவைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அழுகிற ஆள் இல்லை.)

"வா தம்பி! ஊர்ல ஒருத்தனுக்காவது பசிக்குதே."

"அண்ணி..."

"என்ன அண்ணி நொண்ணி? தலை உங்கண்ணனுக்குத்தான் குடுப்பேன். இன்னிக்கு நீ தின்னு."

மீனும் தேங்காய்ச் சோறும் தட்டிப் பொரித்த வாழைக்காயும் வைத்தாள். அவன் மீனைப் பார்க்கவே இல்லை.

"எனக்கு வாழைக்காய் மட்டும் போதும் அண்ணி."

அவள் கரண்டி நின்றது.

"படகைப் பாத்துட்டியா?"

"கவுந்து கெடந்துச்சு."

4

முடிவு அ: அவள் அடுப்பை அணைக்கிறாள்.

முடிவு ஆ: எலியேசர் ஈரத்தோடு வாசலில் வந்து, (எழுத முடியவில்லை. மனசு ஒப்பவில்லை.)

நடந்தது வேறு. "படகுதானே கவுந்துச்சு? அவருக்கு நல்லா நீந்தத் தெரியும்," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள்.

"எழுத்தாளரே, நீங்களாவது சாப்பிடுங்க. ஒரு வாய்."

எனக்குப் பசியில்லை என்றேன். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

5

தட்டை இப்போது உங்கள் முன்னால் வைக்கிறேன். அது ஆறுவதற்கு முந்திய நேரம் இது, இன்னும் சூடு போகவில்லை. அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு.