வெள்ளை அங்கி போட்டவர்கள்

அந்த அக்காவுக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. தங்கைக்கு வலி கண்டுவிட்டது என்று செய்தி வந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். தங்கை புருஷன் நல்ல பிள்ளைதான். ஆனால் ஊசியைக் கண்டாலே கண் சொருகிவிடும். "நீ வெளியவே உட்காருப்பா, உனக்கும் ஒரு கட்டில் தேட என்னால முடியாது" என்று அவனை வராந்தாவில் இருத்திவிட்டு உள்ளே போனாள்.

பிரசவ அறையில் பெரிய நர்ஸம்மாவும், வெள்ளை அங்கி போட்ட மூன்று பெண்களும் இருந்தார்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்; நம் பேச்சைக் கொஞ்சம் உருட்டிப் பேசினார்கள். முதலாமவள் கையுறையோடு வந்தபோது தங்கை கூசிக் காலை மடக்கினாள். "டாக்டரம்மா பார்க்கட்டும்டி, என்ன வெட்கம்?" என்று முழங்காலைப் பிடித்து விலக்கியவள் அக்காதான். சீருடையைப் பார்த்தே காசை நீட்டும் சனத்தை அன்றாடம் பார்க்கிறவள், அங்கியைப் பார்த்து ஏமாந்தாள். நாமும்தான் ஏமாறுவோம், கண்ணுகளா.

முதலாமவள் உள்ளே கைவிட்டுப் பார்த்து, "கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கு" என்றாள். உடனே இரண்டாமவள் வந்து கைவிட்டாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இல்ல, ஆறு!"

"ஆறுதான் சரி. நான் முதல்லயே பார்த்துட்டேன்" என்றாள் நர்ஸம்மா.

"பார்த்தியா, நான்தான் ஜெயிச்சேன்!" என்று இரண்டாமவள் துள்ளினாள். மூன்றாமவள் கையுறைக்குள் விரலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மூன்றாமவள் பக்கம் திரும்பினாள். பிள்ளை பெறப் படுத்தவள் உடம்பில் என்ன பந்தயம் இது?

"ஏம்மா, டாக்டருக்கு நீ எத்தனாவது வருஷம் படிக்கிறே?"

"இன்னும் காலேஜ்லயே சேரல ஆன்ட்டி. இப்படி அனுபவம் இருந்தா இடம் கிடைக்கிறது சுலபம். அதான் வந்தோம்."

"உங்க ஊர்ல இப்படித் தொட விடுவாங்களா?"

அவள் நர்ஸம்மாவைப் பார்த்தாள். "விடமாட்டாங்க. இங்க விடறாங்க."

அக்கா கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"வழிய விடுங்க," என்றாள் நர்ஸம்மா. "இவங்கள அனுப்பின அமைப்புதான் இந்தக் கட்டிலெல்லாம் வாங்கிக் குடுத்தது. கொஞ்சம் பொறுத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கட்டிலைக் குடுத்தா, அதுல படுக்கிறவளையும் சேர்த்தா எடுத்துக்குவாங்க?" நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கும் குரல் அது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"இஷ்டமில்லைன்னா வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். வலியில் துடிக்கிறவளை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? வாயை மூடினால் இன்னொரு கை, திறந்தால் தெரு. கால் தானாக ஓரடி விலகியது.

அப்போது தங்கை அவள் சீருடையை எட்டிப் பிடித்தாள். "நகராதேக்கா. நர்ஸம்மா, நான் எங்கயும் போகமாட்டேன். நீங்க பாருங்க. இவங்க என்னைத் தொடக்கூடாது."

மூன்றாமவள் கையுறையை உருவினாள். "நீங்க சம்மதிச்சிட்டதா சொன்னாங்க… சாரி ஆன்ட்டி."

"என்கிட்ட எதுக்குடி சாரி? உடம்பு அவளோடது."

அந்தப் பெண் தங்கையின் பக்கம் திரும்பினாள். தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூவரும் வெளியேறினார்கள். நர்ஸம்மா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே தன் வேலையைப் பார்த்தாள், நன்றாகத்தான் பார்த்தாள். பெண் குழந்தை பிறந்து வீறிட்டது.

குழந்தையைத் தகப்பனிடம் காட்ட அக்கா வராந்தாவுக்கு வந்தாள். முதலாமவள் செல்போனோடு ஓடிவந்தாள். "ஒரே ஒரு போட்டோ ஆன்ட்டி! நானும் பிரசவத்துல இருந்தேன்ல?"

அக்கா குழந்தையின் முகத்தைத் துணியால் மறைத்தாள். அதற்குள் வேறொரு பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு முதலாமவளும், கூடவே இரண்டாமவளும் புதுக் கையுறை எடுத்தார்கள். மூன்றாமவள் மட்டும் சுவரோரமாக நின்றுவிட்டாள்.

அக்கா குழந்தையைத் தகப்பன் கையில் கொடுத்து, "மயங்கித் தொலைக்காதே, கெட்டியாப் பிடி" என்றாள். பிறகு தள்ளுவண்டியின் குறுக்கே போய் நின்று, அதில் படுத்திருந்தவளிடம் குனிந்தாள்.

"தாயி, அந்த ரெண்டு பேரும் டாக்டர் இல்ல. நீ வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. நான் இங்கதான் நிக்கிறேன்."